தம்பி வீட்டுக்கு அடியில் கிடந்த முகம்

கிளாரி பிட்கெய்ர்னைப் போல ஒரு பிடிவாதக்காரன் வெரிங்காவில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப் போவதில்லை. ஊரே இப்போது இல்லையே, அப்புறம் எங்கிருந்து பிடிவாதக்காரன் வருவான்? சுண்ணாம்புக் குவாரியை மூடினார்கள், ஊர் கலைந்தது. நான் டாட், அந்தக் குவாரியில் கேண்டீன் நடத்தியவள். வெடி வைக்கிறவன், சூளை எரிக்கிறவன், லாரி ஓட்டுகிறவன் என்று எல்லோருக்கும் என் கையால்தான் சோறு. யாருக்கு எது செரிக்கும், யாருக்கு எது செரிக்காது என்பது எனக்கு அத்துப்படி. கிளாரிக்கு எதுவும் சுலபத்தில் செரிக்காது, அவன் தம்பி லெஸ்ஸுக்குக் கல்லைப் போட்டாலும் செரித்துவிடும். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர்களின் அப்பன் குடித்தே போய்ச் சேர்ந்தான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். லெஸ்ஸுக்கு மூக்கு ஒழுகுகிற வயது அப்போது. கிளாரிதான் புல்டோசர் ஓட்டி அவனை வளர்த்தான். சட்டைக்குப் பொத்தான் தைப்பதிலிருந்து பள்ளிக்கூட வாத்தியாரிடம் சண்டை போடுவது வரைக்கும் எல்லாம் அவன்தான். தனக்கென்று ஒருத்தியைப் பார்க்கவில்லை. கேட்டால், "ஒருத்தனைக் கட்டி மேய்க்கிறதே பெரும்பாடா இருக்கு டாட், இதுல இன்னொருத்தியா?" என்பான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டுமே! லெஸ் வளர்ந்து குவாரியிலேயே லாரிக்கு ஏறினான். சிரித்த முகம், சனிக்கிழமை ஆட்டத்துக்கு அக்கார்டியன் வாசிப்பான். அவன் வாசித்தால் என் கால் கூட அடுப்படியில் சும்மா நிற்காது.

எங்கள் ஊர் நிலம் கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயிலில் கையை விடலாம் போலப் பிளக்கும். மரக்கால்கள் மேல் நிற்கிற எங்கள் வீடுகள் அதில் ஒரு வருஷம் இப்படிச் சாயும், மறுவருஷம் அப்படிச் சாயும். அதற்கு மருந்து குவாரியிலேயே இருந்தது. சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் செம்மண் அடைந்து கிடக்கும். சூளைக்குள் அது போனால் சுண்ணாம்பு பழுப்பேறிக் கெட்டுவிடும் என்று அதை ஒதுக்கித் தள்ளுவார்கள். அந்தக் கழிவு மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டால் இறுகிப்போய் வீடு அசையாது. அதனால் குவாரிக்காரன் எவனுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மற்றவர்கள் சேர்ந்து அவன் மனைக்குச் செம்மண் அடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். லாரிப் பின்னால் தகர டப்பாக்களைக் கட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். மண்ணைக் கொட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் ஏறி மிதிக்க வேண்டும். பிறகு ஊரே கையில் பீரோடு ஏறி ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் மண் கல்லாகிவிடும். மண்மிதி என்று அதற்குப் பெயர்.

லெஸ்ஸுக்கும் அவனுக்கு நிச்சயமான பெரிலுக்கும் மண்மிதி வந்தபோது கிளாரி தானே இடுக்கைத் தேர்ந்தெடுத்து மண் வெட்டினான். வேறு யாரையும் விடவில்லை. வெட்டும்போது மண்ணோடு மண்ணாக வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கிறது. இறங்கிப் பார்த்தான். பல்வரிசையோடு ஒரு எலும்புத் துண்டு கையோடு வந்தது. பக்கத்திலேயே பெரிய கட்டி ஒன்றில் கண்குழி மாதிரி ஒரு பள்ளம். அதற்குள் கீழேயிருந்து லெஸ் கத்துகிறான், "அண்ணே, பீரு சூடாகுது! பொண்ணு மனசு மாறுறதுக்குள்ள வா!" என்று. கிளாரி பல்லை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிச்சத்தை லாரியில் தள்ளிவிட்டான். செத்த ஆடோ கங்காருவோ என்று நினைத்திருக்கிறான். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அன்றைக்கு அவன் ஆடின ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். நெட்டை ஆள், இரும்பு வைத்த பூட்ஸ். லெஸ் அக்கார்டியன் வாசிக்க வாசிக்க, மண்மேட்டின் ஒரு மூலை பாக்கியில்லாமல் மிதித்தான். அவன் சந்தோஷமாக ஆடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பல்துண்டு என் கேண்டீன் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. சாப்பிட வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்து ஒரு கிண்டல். "டாட், உன் மாமியார் பல்செட்டை எப்போ திருப்பித் தரப்போற?" "அவங்க பல்லு இவ்வளவு நல்லா இருந்திருந்தா என்னை மென்னே தின்னிருப்பாங்க, முழுசா முழுங்கியிருக்க மாட்டாங்களே" என்பேன் நான். வருஷங்கள் ஓடின. பெரிலுக்கு ஒரு பெண் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளாரி தம்பி வீட்டில்தான் சாப்பாடு.

பிறகு ஒருநாள் பிரிஸ்பேனிலிருந்து ஒருவர் வந்தார். பென்ஃபோல்ட் என்று பெயர், எங்களுக்கு எலும்புக்காரர். குவாரிகளில் பழைய எலும்பு கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகிறவர். தேநீர் கேட்டார், கொடுத்தேன். குடிக்கப்போனவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தேநீர் சட்டையெல்லாம் ஊற்றுகிறது, அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, இது யாரோடது?"

"எல்லாரும் என் மாமியாரோடதுன்னு சொல்றாங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கிளாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அது கோலாவின் பல். ஆனால் நம் தைலமரத்தில் தூங்குகிற கோலா இல்லை, அதைவிடப் பருமனான உறவுக்காரன். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பூண்டற்றுப் போனது. பாறையில் குழி இருந்திருக்கும், உள்ளே விழுந்ததும் மேலே மண் மூடியிருக்கும்.

"கோலாவா?" கிளாரிக்குச் சிரிப்பு. "எங்க வீட்டுப் பின்னாடி மரத்துல ஒண்ணு ராத்திரியெல்லாம் பன்னி மாதிரி உறுமுது. அதுக்கு இப்படி ஒரு பெரியப்பனா?"

"பெரியப்பான்னே வெச்சுக்குங்க. அந்தப் பெரியப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தாடைத் துண்டும் பல்லும்தான் கிடைச்சிருக்கு. மூக்கு எப்படி, கண்ணு எப்படி, ஒண்ணும் தெரியாது."

கிளாரியின் சிரிப்பு நின்றது. "கண்ணு இருந்துச்சு," என்றான். "நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் லாரியில தள்ளுனேன்."

"எங்க தள்ளுனீங்க?"

"என் தம்பி வீட்டுக்கு அடியில."

அன்றைக்குப் பிடித்தது சனி. உலகத்தில் ஒருவரும் பார்க்காத ஒரு முகத்தைத் தான் பார்த்தோம், பார்த்த கையோடு தானே தொலைத்தோம் என்று அவன் மனசில் ஏறிவிட்டது. இறக்க யாராலும் முடியவில்லை. நேரே லெஸ்ஸிடம் போய் நின்றான். லெஸ் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "தோண்டுண்ணே! எங்க வீட்டுக்கு அடியில ராசா தூங்குறான்னா எனக்கும் பெருமைதானே? வீடு எங்க ஓடிடப் போகுது?"

மரக்கால் வீடாயிற்றே, அடியில் ஆள் தவழ்ந்து போக இடம் உண்டு. சனிக்கிழமை வந்தால் அண்ணனும் தம்பியும் உள்ளே. மண்ணைக் கொத்திக் கொத்தி வெளியே தள்ளுவார்கள். பெரிலின் மாவு சல்லடை அதற்குப் பலியானது. "ரொட்டியில எலும்பு கடிபட்டா என்கிட்ட வராதீங்க," என்று அவள் தரைப் பலகை இடுக்கு வழியாகக் கத்துவாள். கீழேயிருந்து லெஸ், "உன் ரொட்டியை விட எலும்பு மெதுவாத்தான் இருக்கு," என்பான். மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவாள். நன்றாகத்தான் இருந்தது அந்தக் காலம்.

கிடைத்ததெல்லாம் நொறுங்கல்தான். நகத்தளவு, அரை நகத்தளவு. கிளாரி அதைப் பஞ்சில் வைத்து எலும்புக்காரருக்கு அனுப்பினான். அவர் அடுத்த முறை வந்தபோது, மனுஷர் பாவம், மறைக்கத் தெரியாதவர், "இது பழைய உடைசல் இல்ல கிளாரி. புதுசா மிதிபட்டிருக்கு," என்று சொல்லிவிட்டார். கிளாரி தன் பூட்ஸைப் பார்த்தான். என்னிடம் வந்து, "நான்தான் டாட், நான்தான் மிதிச்சேன்," என்றான். "ஊரே மிதிச்சுதுடா," என்றேன். "என்னை மாதிரி யாரு மிதிச்சா?" என்றான்.

லெஸ்ஸுக்குக் கொஞ்ச நாளில் அலுத்துப்போனது. குடும்பஸ்தன், வேறு வேலையும் உண்டு. கிளாரி நிறுத்துவானா? சனிக்கிழமை போய் ஞாயிறும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மேசையில் சாப்பாடு ஆறும், அவன் தட்டுக்கு நேர் கீழே மண்ணைக் குடைந்துகொண்டிருப்பான். நடுமேட்டை விட்டு மரக்கால்கள் பக்கம் போனான். "காலைச் சுத்தித் தோண்டாதே அண்ணே," என்று லெஸ் சொன்னான். "முட்டு குடுத்திருக்கேன்டா," என்றான். முட்டுக் கொடுத்துத்தான் இருந்தான். அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வானத்துக்கு முட்டுக் கொடுக்க முடியுமா? அந்தக் கோடையில் மழை பிடித்தது பாருங்கள், விட்டால்தானே! தோண்டின குழியெல்லாம் தண்ணீர் நின்று, உள்ளேயிருந்த கரிசல் உப்பிவிட்டது. ஒரு காலைநேரம் அடுப்படிப் பக்கத்து மரக்கால் நகர்ந்து, வீட்டின் அந்த மூலை தொங்கியது. தட்டு, கிண்ணம், கொதிக்கிற பானை எல்லாம் சரிந்து வந்தன. பெரில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் குதித்தாள். நல்லவேளை.

நாங்கள் ஓடிப்போனபோது லெஸ் ஜாக்கியோடு அடியில் இருந்தான். மரக்காலைத் தூக்கி நிறுத்தப் பார்த்திருக்கிறான். ஜாக்கி ஈரமண்ணில் வழுக்கிவிட்டது. வலது கை மரக்காலுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஐயோ, அந்த அலறல்! கிளாரிதான் முதலில் உள்ளே பாய்ந்தான். கடப்பாரை போட்டு நெம்பினான், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் தவழ்ந்து லெஸ்ஸின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மரக்கால் சாய்ந்ததில் அங்கே புதிதாக மண் பிளந்து விழுந்திருந்தது, சிவப்புச் சிவப்பாக. நெம்பிக்கொண்டிருக்கும்போதே கிளாரியின் கண் அந்தப் பிளவுக்குப் போயிற்று. ஒரு பார்வைதான். போய்த் திரும்பிவிட்டது. கை நெம்புவதை விடவில்லை, ஒரு இம்மி கூடத் தளரவில்லை. ஆனால் பார்த்தான். அவன் பார்த்ததை நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். லெஸ்ஸும் பார்த்துவிட்டான்.

வார்விக் ஆஸ்பத்திரியில் லெஸ்ஸின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. அக்கார்டியனை அன்றோடு மூடிவைத்தான். கிளாரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். நானும் பெரிலும் இருந்தோம்.

"தம்பி..."

"பேசாதே," என்றான் லெஸ். சிரிக்காத லெஸ்ஸை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "விரல் போனது போகட்டும். வீடு சாஞ்சது போகட்டும். நான் உயிர் போற மாதிரி கத்திக்கிட்டுக் கெடக்கேன், நீ மண்ணைப் பார்க்கிற."

"இல்லடா லெஸ்..."

"பார்க்கலைன்னு சொல்லு. சொல்லு பார்ப்போம்."

கிளாரிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே குவாரி, ஒரே கேண்டீன். ஒருவன் கதவோரம், ஒருவன் அடுப்போரம். லெஸ்ஸுக்கு வாசலில் லாரி எடைபோடுகிற வேலையாகக் கொடுத்திருந்தார்கள். "டாட், அந்த ஆளுகிட்ட உப்பை இங்க தள்ளச் சொல்லு," என்பான். உப்பு கிளாரியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். "அந்த ஆளுக்குக் காது கேக்கும், நீயே சொல்லு," என்பேன். உப்பில்லாமல் தின்றுவிட்டுப் போவான். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இரண்டு பேர் தலையையும் பிடித்து மோதலாம் போல இருக்கும். கேட்டால் கௌரவம்! தூ, என்ன பொல்லாத கௌரவம்! தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். லெஸ் கோட்டுப் பொத்தான் போட முடியாமல் ஒற்றைக் கையால் திண்டாடும்போது கிளாரி எழுந்து எழுந்து உட்காருவான். போய்ப் போட்டுவிட மாட்டான். நான்தான் போய்ப் போட்டுவிடுவேன்.

வீட்டை ஊரார் சேர்ந்து நிமிர்த்திக் கொடுத்தோம். அடியில் யாரும் போகக் கூடாது என்று பெரில் சுற்றிலும் பலகை அடித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? கிளாரி ஒருநாளும் அந்தத் தெருவில் நடக்கவில்லை. சுற்றுவழியாகத்தான் வேலைக்கு வருவான். எலும்புக்காரர் எப்போதாவது வந்து, "வேற இடுக்குல பார்க்கலாமா கிளாரி?" என்பார். அதற்குப் போவான், தேடுவான், ஒன்றும் கிடைக்காது. இருந்தது ஒன்று, அது தம்பி வீட்டுக்கு அடியில் கிடந்தது.

அப்புறம் குவாரியை மூடினார்கள். எங்கள் பக்கத்தில் ஊர் காலியானால் வீட்டை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இல்லை. நல்ல பலகை வீடு, ஏன் விட வேண்டும்? நடுவில் அறுத்து இரண்டாக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். லெஸ் தன் வீட்டைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோக ஏற்பாடு செய்தான். பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

கிளம்புகிற அன்றைக்கு ஊரில் மிச்சமிருந்த எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம். கிளாரியைக் காணோம். போய்ப் பார்த்தால் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறான். பளிச்சென்று சவரம் செய்து, சர்ச்சுக்குப் போகிற கோட்டு போட்டுக்கொண்டு!

"இங்க நின்னு யாருக்குக் காவல் காக்கிற? போடா, போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா!"

"என்ன பேச?"

"வாயைத் தொற, தானா வரும்!"

"வெறுங்கையோட போய் என்ன டாட் பேசுறது?" என்றான். "அவன் கை போச்சு. எதுக்குப் போச்சு? ஒண்ணுமில்லாததுக்குப் போச்சு. வீடு போனதும் அந்த மண்ணு முழுக்கச் சலிப்பேன். அந்த முகத்தை எடுப்பேன். எடுத்துட்டுப் போய் அவன் முன்னாடி வெப்பேன். பாருடா லெஸ், இதுக்குத்தான்னு சொல்வேன். அப்பத்தான் அவன் மூஞ்சியில நான் முழிக்க முடியும்."

"அட மடையா! அவனுக்கு வேண்டியது செத்த கோலா மூஞ்சியா? உன் மூஞ்சிடா!"

கையைப் பிடித்து இழுத்தேன். அவனை இழுக்க என்னால் ஆகுமா? புல்டோசரையே இழுத்துவிடலாம். லாரிகள் கிளம்பிப் போயின. தூசி அடங்கின பிறகுதான் அவன் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தான்.

சொன்னபடி சலித்தான். ஆளில்லாத ஊரில் அவனும் நானும் இன்னும் சில கிழடுகளும்தான் பாக்கி. எலும்புக்காரர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார், போவார். கிளாரி தினமும் அந்த மேட்டில்தான். முழங்கால் தேய்ந்தது, கண்ணில் புரை விழுந்தது. "கடற்கரைக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வாயேன்," என்று நான் கேட்காத மாசம் இல்லை. "இதோ, முடிஞ்சுடும்," என்பான். கடைசியில் கிடைத்தே விட்டது! அடுப்படிப் படிக்கட்டு இருந்த இடத்துக்குக் கீழே ஒரு கட்டி. சுண்ணாம்பு ஊறி இறுகினது. அத்தனை பேர் மிதித்தும் அது மட்டும் உடையவில்லை. அதன் ஒரு பக்கத்தில் கண்குழி இருந்தது.

பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டியை எலும்புக்காரர் துளித்துளியாகச் சுரண்டினார். அதற்கும் காலம் போயிற்று. முழு முகம் இல்லை, ஒரு கன்னம், கண்ணின் விளிம்பு, மூக்கின் மேல்பாகம். அது போதும் அவர்களுக்கு. அசல் மியூசியத்தில்தான் இருக்க வேண்டுமாம். கிளாரிக்கு என்று சுண்ணாம்புச் சாந்தில் அச்செடுத்து, வண்ணம் பூசிக் கொண்டுவந்து கொடுத்தார். கிளாரி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தான். "நாளைக்குக் கார் எடு டாட்," என்றான். அவனால் அப்போது ஓட்ட முடியாது.

வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தான். "முதல்ல என்ன சொல்லட்டும்? லெஸ்ஸுன்னு கூப்பிடட்டுமா, தம்பின்னா?" என்பான். "என்னவோ ஒண்ணு கூப்பிடு, ஆனா கூப்பிடு," என்றேன். மலை இறங்கும்போது சோடா ரொட்டி கொடுத்தேன், தின்னவில்லை.

வீட்டை அடையாளம் தெரிந்தது. அதே பலகை, அதே ஜன்னல், கடல்காற்றில் நின்றுகொண்டிருந்தது. பெரில் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தாள். கிளாரியைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நான் பயந்தேன். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா மச்சான்?" என்றாள். "இப்போ அவருக்கு ஞாபகம் இல்ல. சில நாள் என்னையே யாருன்னு கேக்குறாரு. டாக்டரும் கையை விரிச்சுட்டாரு."

லெஸ் பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே. எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க, உக்காருங்க," என்றான், வழிப்போக்கரை வரவேற்பது போல. கிளாரி நின்றபடியே இருந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல் வரவில்லை. கடைசியில் துணியைப் பிரித்து அந்த முகத்தை அவன் மடியில் வைத்தான்.

லெஸ் மிச்சமிருந்த இரண்டு விரலால் அதைத் தடவினான். கன்னம், கண், மூக்கு. "அட, என்ன சாமான் இது? கோலா மாதிரி இருக்கு. ஆனா பெருசா இருக்கே."

"கோலாவுக்குப் பெரியப்பன்," என்றான் கிளாரி.

லெஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அண்ணன் இதைத்தானே தேடிக்கிட்டு இருந்தான்! கிடைச்சுடுச்சா? பெரில், இங்க வந்து பாரு, கிடைச்சுடுச்சு!" கிளாரியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், நீங்க வெரிங்கா பக்கம் போவீங்களா?"

"போவேன்."

"அங்க கிளாரின்னு ஒருத்தன் இருப்பான். நெட்டையா, மூஞ்சியை உம்முன்னு வெச்சிருப்பான். ஆனா நல்லவன் சார். என்னை வளர்த்ததே அவன்தான். இதை அவன்கிட்டக் குடுத்துடுங்க. நாங்க ஊரை விட்டு வந்த அன்னிக்கு, அவன் வருவான்னு லாரியைக் கிளப்ப விடாம எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சிருந்தேன் தெரியுமா? வரவே இல்ல. என் மேல இன்னும் கோவமா இருக்கான் போல. ஆஸ்பத்திரியில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல, ஒருதரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க சார். சொல்வீங்களா?"

பெரில் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லெஸ் அந்த முகத்தை ஜாக்கிரதையாகத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தான். கிளாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"சொல்றேன்," என்றான். "கண்டிப்பா சொல்றேன்."